பால்காரரின் ஏழு கழுத்துக்கயிறுகள்

இந்நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் சிங்கப்பூர்த் தமிழர் நடுவே எனக்கிருந்த நிலை இன்னதென்று முதலில் எழுதிவிடுவது முறை. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற பின்னரே கப்பலேறியவன் நான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலையின் இரு மருங்கிலும் தேடினாலும் பட்டம் பெற்ற தமிழர் என்று ஒரு கைவிரல்களை எண்ணி முடிக்க இயலாது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தேன். தெருவில் அதைப் ‘பெரிய கிராணி’ என்பார்கள். அச்சொல் எனக்கு உவப்பானதன்று, ஆயினும் மறுத்துக்கொண்டிருந்ததில்லை. துரைமார் என்னிடம் பேசும்போது நாற்காலியைக் காட்டி அமரச் சொல்வார்கள். ஞாயிறுதோறும் கூடிய தமிழ் வாசக சபையில் தலைமை இடம் எனக்குரியது. வழக்குமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதுவோரும், உயில் எழுதுவோரும் என் கண் பட்ட பிறகே கையொப்பமிட்டார்கள். அதற்காக எவரிடமும் எதையும் நான் பெற்றதில்லை. என்னைப் பற்றி இன்று பலரும் பலவாறு பேசுவதால், நான் எந்த இடத்திலிருந்து கீழே இறங்கினேன் என்பதாவது சரியாகப் பதிவாகட்டும்.

கல்லூரியில் பயின்றபோது ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவரின் கொள்கையை அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உலகத்து உயிரினங்கள் தனித்தனியே ஒருமுறை ஆக்கப்பட்டு என்றென்றும் மாறாமல் நிற்பவை அல்ல. தாய்க்கும் குட்டிக்கும் இடையே தோன்றும் சிறு வேறுபாடுகளில், வாழும் இடத்துக்கு ஒத்தவை நிலைக்கின்றன, ஒவ்வாதவை மறைகின்றன. அவ்வாறு நிலைத்தவை தலைமுறை தலைமுறையாகத் திரண்டு, ஓர் இனம் காலப்போக்கில் மற்றோர் இனமாக ஆகிவிடுகிறது. இதுவே அதன் சாரம். நான் கடவுள் மறுப்பாளன் அல்லேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் அலுவலகம் சென்றதில்லை. இக்கொள்கையின் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது, அவ்வளவே. சிங்கப்பூருக்கு வந்த பின் விடுமுறை நாள்களில், குன்றின் அடிவாரத்திலிருந்த பொருட்காட்சிச்சாலைக்குச் சென்று, கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாகக் குத்திவைக்கப்பட்டிருந்த வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து நிற்பேன். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே வேறுபாடு தென்படாது. வரிசையின் இரு கோடிகளிலும் இருப்பவையோ ஒன்றுக்கொன்று உறவென்று எவரும் சொல்லமாட்டார்.

இப்பொருள் பற்றிச் சபையில் சொற்பொழிவு ஆற்ற விரும்பினேன். குறிப்புகள் எழுதி அடுக்கியும் வைத்தேன். சபையின் செயலாளர் ஒரு துணிக்கடைக்காரர், எதற்கும் அஞ்சுபவர்.

“ஐயா, இதுல குரங்கு வருமா?” என்று கேட்டார்.

“குரங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.”

“நீங்க விட்டாலும் கேக்கறவன் கொண்டாந்துடுவான்லா. அப்புறம் நம்ம சபைக்குக் குரங்கு சபைன்னு பேர் ஆயிடும். அடுத்த மாசம் பாப்போமே.”

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவ்வாறே கழிந்தன. என் சபையிலேயே என் சொல் எடுபடவில்லை என்பது எனக்குள் தைத்த முள்ளாக இருந்தது. அதை நான் வெளிக்காட்டவில்லை. குறிப்புகள் மட்டும் மேசை இழுப்பறையில் காத்திருந்தன. பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்குப் பால் கொடுத்தவர் என் வயதை ஒத்தவர். எருமைப் பட்டிகளைக் கடந்து, கால்வாய் ஓரமாக அவருடைய தொழுவம் இருந்தது. அலுவலகம் செல்லும் வழி அதுவே. மழைக்காலத்தில் அந்தச் சாலை முழுவதும் சாணக் குழம்பாக இருக்கும். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தொழுவத்து இறவாணத்தின் கீழ் ஒதுங்குவேன். அவ்வாறு ஒதுங்கிய ஒரு காலையில், உத்தரத்தில் ஆணி அடித்துப் பழங்கயிறுகள் ஆறு தொங்குவதைக் கண்டேன். ஒவ்வொன்றும் மாட்டின் கழுத்தளவுக்கு வளையமாக முடியப்பட்டிருந்தது.

“என்ன ஓய், அறுந்த கயிறையெல்லாம் தோரணம் கட்டி வச்சிருக்கீர்?” என்றேன்.

“அறுந்ததில்லீங்கய்யா. கழட்டினது,” என்றார். “மாடு செத்தாலும் வித்தாலும் கழுத்துக்கயிறை நாங்க விடமாட்டோம். ராசி அதுலதான் நிக்கும். வித்தா வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாரணும். இந்தா, மொதல்ல தொங்குதே, அது எங்கப்பா நாகப்பட்டணத்துல கப்பலேத்திக் கொண்டாந்த பசுவோடது. அடுத்தது அதோட மக. அப்புறம் பேத்தி. அப்படியே வரிசையா வந்து, ஏழாவது கயிறு இதோ நிக்குதே, இவ கழுத்துல.”

கட்டுத்தறியில் நின்ற பசுவைச் சுட்டினார். செம்மண் நிறம், சிறிய உடல், திமில் இருக்கிறதா இல்லையா என்று கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும். முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெள்ளை. கயிறுகளை மீண்டும் பார்த்தேன். முதற் கயிற்றின் வளையம் பெரியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன.

“இடையில் வேறு மாடு கலந்ததோ?”

“நம்மூர்ப் பொலிகாளை இங்க தங்கலீங்க. ரெண்டு வந்து ரெண்டும் செத்துச்சு. அதனால மூணாவது தலைமுறையில மலாய்க்காரர் ஒருத்தர்ட்ட பாலித்தீவுக் காளை ஒண்ணு இருந்துச்சு, அதுல சேத்தோம். ஆனா அது மட்டும் இல்லீங்க. பெருங்கூட்டா பொறக்கற கன்னு இந்த மழைக்கு நிக்காது. குளம்பு அழுகிப்போவும். உண்ணி தின்னுடும். சின்னதா, மயிர் கம்மியா பொறந்ததுதான் நின்னுச்சு, சினை புடிச்சுச்சு. நானா எதையும் பொறுக்கலீங்கய்யா. மழைதான் பொறுக்கிச்சு.”

கல்லூரியில் அக்கொள்கையை இரண்டாண்டு படித்தும் என்னால் இத்தனை சுருக்கமாகச் சொல்ல முடிந்திராது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் பகுதியில் அப்போது ஒரு சிறிய கோயில் இருந்தது. பின்னர் சாலையை அகலப்படுத்தியபோது அது இடிபட்டது. இன்று அந்த இடத்தைக் காட்டுவதும் கடினம். அங்கே நாள்தோறும் விடியற்காலையில் கன்றுடன் ஒரு பசுவைச் சந்நிதிக்கு நேராக நிறுத்திக் கோபூஜை செய்வார்கள். பின்பு அதன் பாலைக் கறந்து அபிஷேகத்துக்கு எடுத்துச் செல்வார்கள். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பசு இந்தப் பால்காரருடையது. பூஜை முடிந்ததும் தருமகர்த்தாவுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிரசாதம் தருவார்கள். சாணமும் சேறுமாக வாழ்ந்த மனிதருக்கு அந்த ஊரில் இருந்த மதிப்பு அது ஒன்றே. குளித்து, வெளுத்த துண்டை இடுப்பில் கட்டி, பசுவின் நெற்றியில் மஞ்சள் பூசி அவர் அழைத்துவருவதை நானும் கண்டிருக்கிறேன்.

பழைய குருக்கள் காலமானபின் ஊரிலிருந்து புதியவர் ஒருவர் வந்தார். சாத்திரம் கற்றவர்; நாவன்மை உடையவர். வந்த மூன்றாம் நாள் கோபூஜைக்கு நின்ற பசுவைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இதுவா பசு?” என்றாராம். “திமிலைக் காணோம். கழுத்துக்குக் கீழே அலைதாடி இல்லை. காலைப் பாருங்கோ, துரைமார் மாதிரி மேஜோடு மாட்டிண்டு நிக்கறது. காட்டுமாட்டு வித்து இது. இதோட பாலை நான் ஸ்வாமி மேல விடமாட்டேன்.”

பசுவுக்குக் காலுறையா என்று, கூடியிருந்தவர்கள் மேஜோடு என்ற சொல்லுக்குச் சிரித்துவிட்டார்கள். மறுநாள் பசுவை வாசலுக்குள் விடவில்லை. பூஜை முடிந்து மணியோசை நிற்கும் வரை பால்காரர் பசுவையும் கன்றையும் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

தருமகர்த்தா கட்டட ஒப்பந்தக்காரர். நல்லவர், படிப்பு குறைவு. அந்த வாரமே என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, குருக்கள் சுலோகம் சொல்லி வாயை அடைச்சிடறார். எனக்கு அந்த மனுஷனை விட மனசில்ல. பதினோரு வருஷமா ஒருநா தவறாம வந்த ஆளு. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல கூட்டம் போட்டிருக்கேன். படிச்சவங்க நீங்க வந்து, இது பசுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் மாலை பால்காரரும் வந்தார். உள்ளே அழைத்தும் வாசற்படிக்கு மேல் ஏறவில்லை.

“ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுங்கய்யா. உங்க கையெழுத்தைப் பாத்தா குருக்கள் ஒண்ணும் பேசமாட்டாரு.”

“ஒரு வரி எழுத நான் எதுக்கு ஓய்?” என்றேன். “காரணம் சொல்லாம கையெழுத்துப் போடற வழக்கம் எனக்கு இல்ல. முறையா எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். நீர் கவலைப்படாம போம்.”

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் என் கல்விக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவே மேசை இழுப்பறையிலிருந்த குறிப்புகள் வெளியே வந்தன. சபையில் பேச இயலாமற்போனதைக் கோயில் மண்டபத்தில் பேச வழி பிறந்திருந்தது. இதை நான் மறைத்துப் பயனில்லை. அவருக்காகவே எழுதினேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிய பதினோரு பக்கங்களில் முதல் ஒன்பது பக்கங்களுக்குப் பால்காரரே தேவையில்லை என்பது, பிற்பாடு ஒருமுறை எடுத்து வாசித்தபோதுதான் தெரிந்தது.

கொள்கைக்குச் சான்றாகக் கயிறுகளைக் காட்ட எண்ணினேன். சனிக்கிழமை பிற்பகல் தொழுவத்துக்குச் சென்று கேட்டேன். உத்தரத்திலிருந்த ஆறையும் அவர் உடனே இறக்கித் தந்தார்.

“ஏழாவதும் வேண்டும். இல்லையென்றால் வரிசை முழுமையாகாது.”

அவர் தயங்கினார். தீவனத் தொட்டியருகே நின்ற அவர் மனைவி தயங்கவில்லை.

“உசிரோட நிக்கற மாட்டுக்கயிறை அவுக்கறதாவது! ஒண்ணு அது சாகணும், இல்ல விக்கணும். ரெண்டும் இல்லாம என்னத்துக்கு அவுக்கறது? அளந்துட்டுப் போகச் சொல்லுங்க.”

“படிச்சவங்க கேக்கறாங்க புள்ள. நமக்காகத்தானே.”

“நமக்காகன்னா வாயால சொன்னாப் போதாதா? கயிறு எதுக்காம்?”

அவர் பசுவின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தேங்காய்நார்க் கயிறு ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டினார். அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தப் பெண்ணின் யோசனை சரியானது. ஆனால் மேடையில் ஏழு கயிறுகளை வரிசையாக விரித்துக் காட்டும் காட்சி அதற்குள் என் மனத்தில் உருவாகிவிட்டிருந்தது.

கட்டுரையின் முதற்படியை வெள்ளிக்கிழமையே என் அலுவலக நண்பர் ஒருவரிடம் காட்டியிருந்தேன். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். வணிகக் குடும்பத்தில் பிறந்து எங்கள் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். உணவு இடைவேளையில் எல்லாப் பக்கங்களையும் பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னங்காணும், அவங்க கேட்டது பசுவா இல்லையான்னுதானே?”

“ஆம்.”

“நீங்க அதோட பாட்டி, பூட்டி, பூட்டிக்குப் பூட்டி எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்க. பசுவை மட்டும் காணோமே.”

“விளக்கம் இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை.”

“பால்காரருக்கு வேண்டியது மதிப்பா, முடிவா? மொதப் பக்கத்துல ‘இது பசு’ன்னு எழுதிட்டு, மிச்சத்தை உங்க இஷ்டத்துக்கு எழுதுங்களேன்.”

அவர் மதம் வேறு, இதில் அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்ததே போதிய குற்றம்.

ஞாயிறு பிற்பகல் மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். சபையின் செயலாளரையும் இன்னும் இருவரையும் நானே அழைத்திருந்தேன், முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். பால்காரர் பசுவையும் கன்றையும் வாசலில் கட்டிவிட்டுக் கடைசித் தூணருகே துண்டை மடித்துப் பிடித்தபடி நின்றார். நான் கட்டுரையை வாசித்தேன். வாசிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். தருமகர்த்தா இருமுறை கண்ணயர்ந்து விழித்தார். கடைசிப் பகுதிக்கு வந்தபோது விரித்த பாயின்மேல் ஏழு கயிறுகளையும் வரிசையாக வைத்தேன். முதற் கயிறு நான்கு சாண். ஏழாவது மூன்று சாணும் இரண்டு விரலும். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே இரண்டு விரலுக்கு மேல் வேறுபாடு இல்லை. பிறகு, எனக்கு மிகவும் பிடித்த வாக்கியத்தை நிறுத்தி வாசித்தேன். “இவ்வாறு தலைமுறைதோறும் மாறிவரும் இவ்விலங்கை நாம் பசு என்கிறோம், நம் பின்னோர் வேறு பெயரால் அழைக்க நேரலாம், எந்தத் தலைமுறையில் பெயர் மாறிற்று என்று எவராலும் கோடு கிழித்துக் காட்ட இயலாது.”

குருக்கள் எழுந்தார். கோபமாக எழுவார் என்று எதிர்பார்த்தேன். புன்னகையுடன் எழுந்தார்.

“ஐயா பெரிய படிப்பாளி. அவர் சொன்ன எதையும் நான் மறுக்கப்போறதில்லை. நான் சொன்னதைத்தான் அவரும் சொல்றார்.”

பாயருகே வந்து முதற் கயிற்றை ஒரு கையிலும் ஏழாவதை மறு கையிலும் எடுத்தார். நடுவிலிருந்த ஐந்தையும் தொடவில்லை. இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் காட்டினார். ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த வேறுபாடு எல்லார் கண்ணிலும் பட்டது.

“இது நம்ம தேசத்துப் பசுவோட கழுத்து. இது வாசல்ல நிக்கறதோட கழுத்து. ரெண்டும் ஒண்ணா? மாறிண்டே வருதுன்னு ஐயாவே எழுதியிருக்கார். மாறின வஸ்துவை ஸ்வாமி முன்னாடி நிறுத்தலாமோ?”

“நடுவில் இருக்கும் ஐந்தையும் விட்டுவிட்டுப் பேசுவது முறையன்று,” என்றேன். “நடுவில் உள்ளவற்றை எடுத்துவிட்டால் உலகத்தில் எதற்கும் எதற்கும் உறவில்லை என்று சொல்லிவிடலாம்.”

“ஸ்வாமி முன்னாடி நிக்கப்போறது நடு மாடு இல்லையே. கடைசி மாடுதானே?”

சிரிப்பு எழுந்தது. தருமகர்த்தா கையமர்த்தினார். தூக்கம் முற்றும் கலைந்திருந்தது அவருக்கு. என்னை நேராகப் பார்த்தார்.

“ஐயா, கயிறு, கோடு எல்லாம் இருக்கட்டும். இப்ப வெளியில கட்டியிருக்கே, அது பசுவா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு.”

அவர் எனக்காக வாசலைத் திறந்து வைத்தார். அது எனக்கு அப்போதே தெரிந்தது. பின்னால் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். முன்வரிசையைப் பார்த்தேன். செயலாளர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பசு என்று இப்போது நான் சொன்னால், ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு மாடு மேய்ப்பவரும் அறிந்ததைத்தானா சொல்ல வந்தீர் என்று அவர் நாளை கடையில் உட்கார்ந்து பேசுவார். கோடு இல்லை என்று வாசித்த நா, அடுத்த நொடியே கோட்டின் இந்தப் பக்கம் என்று சொல்வதா?

“அந்தக் கேள்வியே பிழையானது,” என்றேன். “அதற்கு இயற்கையில் விடை இல்லை.”

“அப்ப ஐயாவுக்கே தெரியலையாம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கொள்கை என்னைத் தடுத்தது என்று நண்பர்கள் ஆறுதல் கூறியதுண்டு. கொள்கை தடுக்கவில்லை. மாறிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கும் இன்றைக்கு ஒரு பெயர் உண்டு. நாளை எப்படியாயினும், அன்று வாசலில் நின்றது பசு. கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கொள்கையைக் கற்ற எவரும் தயங்காமல் அதைச் சொல்லலாம். எனக்கும் அது தெரியும்.

தருமகர்த்தா என்னை விட்டுக் குருக்கள் பக்கம் திரும்பினார். பின்பு, குருக்கள் சொல்வதே நடக்கட்டும் என்றார். கூட்டம் கலைந்தபோது பால்காரரைத் தேடினேன். போய்விட்டிருந்தார். கயிறுகள் பாயிலேயே கிடந்தன. நான் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டியவற்றை, நான்கு நாள் கழித்து அலுவலகச் சேவகனிடம் கொடுத்தனுப்பினேன்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“எண்ணிப் பாத்து வாங்கிக்கிட்டாரு.”

கோயிலில் விலக்கப்பட்ட பால் என்ற பேச்சு ஒரே வாரத்தில் தெரு முழுதும் பரவிற்று. வீடுகள் ஒவ்வொன்றாக நின்றன. என் வீட்டிலும் ஒருநாள் காப்பியின் சுவை மாறியிருந்தது. கேட்டேன்.

“வேற ஆள்கிட்ட வாங்கறேன்,” என்றாள் என் மனைவி. “கோயில்ல வேண்டாம்னதை வீட்ல எப்படிக் காய்ச்சறது? நீங்களே அதைப் பசுன்னு சொல்லலையாமே.”

மீண்டும் அவரிடமே வாங்கு என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டுமானால் காரணமும் சொல்ல வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டு அலுவலகம் போனேன். அன்று முதல் வேறு வழியாக நடந்தேன்.

சில மாதங்களுக்குப் பின் கால்வாய்ப் பாலத்தின்மேல் அவரை எதிரே சந்தித்தேன். விலக இடமில்லை. ஒன்பது மாடுகளைக் கோத்துப் பிடித்து வடக்கே ஓட்டிச் சென்றுகொண்டிருந்தார். அவர் மனைவி பின்னால் கன்றுகளைத் தட்டிக்கொண்டு வந்தாள். கசாப்புக்காரர்கள் இருமுறை விலை பேசியும் அவர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“எங்கே பயணம்?” என்றேன்.

“ஜொகூருக்குங்க. கித்தா ரப்பர்த் தோட்டத்துல கறவை மாடு கேக்கறாங்க. படகுல ஏத்திடலாம்.” கயிற்றை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “அங்க இன்னும் கோயில் கட்டலையாம்ங்கய்யா. மாட்டுக்கு நல்லது.”

அவர் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“என்னால் ஆனதைச் செய்தேன்,” என்றேன்.

“செஞ்சீங்க. ஆனதுக்கு மேலயும் செஞ்சீங்க. பசுன்னா ரெண்டே எழுத்துதான். அதுதான் உங்க வாயில வரல.” மரியாதைக் குறைவு சிறிதும் இல்லாத குரல். “வரட்டுங்களா? வெயில் ஏறிடும்.”

ஒதுங்கி வழிவிட்டேன். ஒன்பது மாடுகளும் என் வேட்டியை உரசிக்கொண்டு போயின. அதன்பின் அவரைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் வந்ததில்லை.

கோயிலுக்கு நாகப்பட்டணத்திலிருந்து நெடிய திமிலுடன் ஒரு பசுவைக் கப்பலில் வரவழைத்தார்கள். முதல் மழைக்காலத்திலேயே குளம்பழுகி இறந்தது. அடுத்து வந்ததும் ஆண்டு முழுதும் தாங்கவில்லை. மூன்றாவதாகச் சுதையால் ஒரு பசுவைச் செய்து வண்ணம் பூசிச் சந்நிதிக்கு எதிரே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மழையாலும் உண்ணியாலும் தீங்கில்லை. திமில் மிகப் பெரிது. கோயில் இடிபடும் வரை விடியற்காலை பூஜை அதற்குத்தான் நடந்தது.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று நான் கோயிலில் பேசியதாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். குரங்கென்ற சொல் அன்று என் வாயில் வரவில்லை. பால்காரருக்கும் எனக்கும் முன்பகை என்றொரு பேச்சும் உண்டு. பகை ஏதும் இல்லை. பகை இருந்தால்கூட இதைவிடத் திருத்தமாக அவரைக் கெடுத்திருக்க முடியாது. இவற்றைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். ஆனால், சபையின் நினைவு மலருக்கென்று அண்மையில் எழுதப்பட்டிருக்கும் கட்டுரை என் பார்வைக்கு வந்தது. எழுதியவர் என்பால் அன்புள்ளவர். அறிவியல் உண்மையை அஞ்சாது உரைத்த பெரியவர் என்று என்னைப் புகழ்ந்திருக்கிறார். பால்காரரின் பசுவுக்கு ஆதரவாக நான் தீர்ப்புக் கூறியதாகவும், குருக்களின் கட்சியார் என் கட்டுரையைக் கத்தரித்து வேண்டிய வரிகளை மட்டும் வாசித்து மக்களை மயக்கியதாகவும் எழுதியிருக்கிறார். உண்மையென்று ஒப்பமிட்டுத் திருப்பியனுப்பக் கேட்டிருக்கிறார்.

ஒப்பமிடவில்லை. பசுவுக்கு ஆதரவாக நான் எந்தத் தீர்ப்பும் கூறவில்லை. கட்டுரையை எவரும் கத்தரிக்கவும் இல்லை. பதினோரு பக்கங்களும் முழுமையாக வாசிக்கப்பட்டன. வாசித்தவன் நான்.